தள்ளிப்போடுற மாத்திரை

ஜன்னலை மூடாத தாயி, கொஞ்சம் காத்து வரட்டும். உடம்பெல்லாம் கொதிக்குது எனக்கு. வெயிலுன்னு நினைக்காத. கரிசக்காட்டு வெயில்ல பொறந்து வளந்த உடம்பு, வெயிலுக்கெல்லாம் கொதிக்காது. இது ஆத்திரம். ரெண்டு மாசமா இந்த ஆத்திரத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் அலையுறேன்.

நீ எதுவரைக்கும்? மதுரையா? நல்லதாப் போச்சு. கல்யாணம் ஆயிருச்சா? இல்ல, கழுத்துல ஒண்ணையும் காணோமேன்னு கேட்டேன். சரி விடு, எனக்கெதுக்கு. அந்த வயரைக் காதுல இருந்து கழட்டு முதல்ல. பெரிய மனுசி பேசிக்கிட்டு இருக்கேன்.

என் பேரு ராமுத்தாயி. சாத்தூர்ல இருந்து உள்ள போகணும் எங்க ஊருக்கு. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு. பொண்ணு ஜெயசுதாவை உள்ளூர்லயே குடுத்துட்டேன். பையன் தாமோதரன் சிவகாசியில அச்சாபீஸ்ல இருக்கான். போன வருசந்தான் அவனுக்குக் கல்யாணம் முடிச்சேன். பொண்ணு மதுரைப் புள்ள, பேரு சௌமியா. நல்லாத் தேடித் தேடித்தான் எடுத்தேன். அந்தத் தேடலுக்குத்தான் இந்தப் பலன்.

வந்த புதுசுல என்ன செய்வா தெரியுமா? மாசாமாசம் அந்த நாள் வந்தாப் போதும், பாயைச் சுருட்டுனாப்புல சுருண்டுருவா. வாந்தி. அழுகை. சோத்துப் பருக்கை இறங்காது. பாத்ரூமுக்குப் போனவ அங்கேயே மயங்கிக் கிடந்தா ஒருநாள். கதவை ஒடைச்சுத் தூக்கினோம். எனக்கு வராததா? ஊருல எவளுக்கும் வராததா? தீப்பெட்டி ஆபீஸ்ல நின்னுக்கிட்டே கட்டை அடுக்குவேன் நான், தீக்குச்சியை வரிசையாச் சட்டத்துல சொருகுற வேலை. காலு வழியா ஓடும். உள்ள துணியை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு, மேல பாவாடை ரெண்டு கட்டிக்கிட்டு அடுக்குவேன். கண்ணு இருட்டும், சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒருத்தி கிட்டச் சொன்னதில்ல. சொல்லி என்ன, அவளுகளுக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். இவளுக்கு மட்டும் என்ன ஊர்ல இல்லாத வலி?

ஆனா நான் கொடுமைக்காரி இல்ல தாயி. திட்டிக்கிட்டே செய்வேன், அம்புட்டுத்தான். உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊத்தி, கையில உருட்டிக் குடுத்தேன். அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். நம்பு, நாலஞ்சு மாசத்துல ஆளே மாறிட்டா! கன்னத்துல ரத்தம் ஏறிருச்சு. சுருண்டு படுக்கிறது இல்ல. அங்கிட்டும் இங்கிட்டும் ஓடியாடி வேலை பாக்குறா, பாட்டு வேற முனகுறா. தெருவுல எல்லாரும் கேட்டாளுக, "என்னக்கா, மருமக தெளிஞ்சுட்டாளே?"ன்னு. களிதான்னு சொன்னேன். கோட்டையம்மா இருக்காளே, பக்கத்து வீட்டுக்காரி, அவ பொண்ணுக்குக் கூட நாந்தான் பக்குவம் சொல்லிக் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்குக் கேக்கல. அவளுக்கு நம்பிக்கை பத்தாது.

ஆங், டிக்கெட் எடுத்தாச்சுப்பா. முன்னாடியே எடுத்தாச்சு. எத்தனை தடவை கேப்ப?

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... பொங்கல். எங்க ஊரு அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். வீட்டுக்கு ஒரு மொளைப்பாரி எடுக்கணும். காப்புக் கட்டிட்டா வீட்டுல தீட்டுங்கிற பேச்சே இருக்கக் கூடாது. ஆம்பளைக்கு என்ன, பல்லை விளக்கிட்டு மாலையைப் போட்டுக்குவான். பொம்பளைக்கு அன்னைக்குன்னு பாத்து வந்து தொலைச்சா? அதுக்குத்தான் மெடிக்கல்ல விக்குதே, தள்ளிப்போடுற மாத்திரை. உனக்குத் தெரியாதா? தெரியும்ல, அப்புறம் என்ன முழிக்கிற. எங்க ஊர்ல பங்குனி வந்தா ஞானராஜு மெடிக்கல்ல அதுதான் யாவாரம். போய் நின்னாலே போதும், "எத்தனை பேருக்கு அக்கா?"ம்பான். பொண்ணுக்கு, கொழுந்தன் பொண்டாட்டிக்கு, அவ மகளுக்கு, மருமகளுக்குன்னு எல்லாருக்கும் நாந்தான் வருசாவருசம் வாங்கிட்டு வந்து கையில குடுப்பேன். என் கண்ணு முன்னாடி தண்ணியை ஊத்தி முழுங்கணும். சாமி காரியம், சும்மா இல்ல.

இந்த வருசம் இவ கையில குடுத்தேன். வாங்க மாட்டேங்குறா. "வேண்டாம் அத்தை"ங்குறா.

"ஏன் வேண்டாம்? அன்னைக்குன்னு வந்துட்டா?"

"வராது அத்தை."

"அதெப்படி வராதுங்குற?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெல்லச் சொன்னா, "எனக்குத் தனியாத் தள்ளிப்போட வேண்டியதில்ல அத்தை. ஏற்கெனவே தள்ளித்தான் இருக்கு."

நீயே சொல்லு தாயி. கல்யாணமாகி ஒரு வருசம் ஆன புள்ள, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தள்ளி இருக்குன்னு மாமியாக்காரி கிட்டச் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? உலகத்துல எவளா இருந்தாலும் என்னன்னு எடுத்துக்குவா? நாள் தள்ளிப் போயிருக்குன்னுதானே! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ மேற்கொண்டு என்னமோ சொல்ல வாயைத் திறந்தா, "பேசாத, கண்ணு பட்டுரும்"னு நாந்தான் அவ வாயைப் பொத்தினேன். திருநீறைப் பூசிவிட்டேன். அப்படியே சேலை முந்தானையைச் செருகிக்கிட்டுத் தெருவுல இறங்கிட்டேன்.

கண்ணு பட்டுரும்னு அவளைப் பேசவிடல. ஆனா நான் சொல்லாத வீடு இல்ல. கோட்டையம்மாட்ட சொன்னேன். கொழுந்தன் வீட்டுல சொன்னேன். கோயில் பூசாரி கிட்டயும் சொன்னேன். ஒருத்தி மாங்காய் கொண்டாந்து தாரா, ஒருத்தி புளியோதரை கிண்டித் தாரா. மருமக தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, தின்ன மாட்டேங்குறா. மசக்கைன்னு நினைச்சேன்.

மறுநாளு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் பாத்துட்டு வந்துருவோம்னு அவ துணிமணியை நானே எடுத்து வச்சேன். பீரோவுல சேலைக்கு அடியில ஒரு பவுடர் டப்பா. அதுக்குள்ள அட்டை அட்டையா மாத்திரை. சத்து மாத்திரையா இருக்கும், எத்தனை வேளைன்னு கேட்டுட்டு வருவோம்னு எடுத்துக்கிட்டு ஞானராஜு கடைக்குப் போனேன். கடையில நாலஞ்சு பேரு நிக்காக. அவன் அட்டையைத் திருப்பிப் பாத்துட்டுச் சிரிக்கான். "யாருக்கு அக்கா இது? உங்களுக்கா? இது குடும்பக் கட்டுப்பாடு மாத்திரையாச்சே!"ங்கான்.

நாலு பேரு மத்தியில! ஊரெல்லாம் சொல்லி மாங்காய் வாங்குனவ, அட்டையைப் பிடுங்கி மடியில செருகிக்கிட்டேன். கோட்டையம்மா புருசன் வேற இருமல் மருந்து வாங்க நிக்கான். வீட்டுக்கு எப்படி வந்தேன்னு எனக்கே தெரியாது.

வந்த வேகத்துக்கு அவ முடியைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கல. அந்த அளவுக்கு என் வளப்பு நல்ல வளப்பு. அட்டையை அவ முன்னாடி வீசுனேன். "என்னடி இது? என் மகன் வம்சத்தை வேரோட அறுக்கவா வந்தே?"ன்னு கேட்டேன்.

அழுதுக்கிட்டே ஒரு கதை சொன்னா பாரு. அவ வயித்துக்குள்ள, முட்டைப் பையில, சாக்லேட் கட்டி இருக்காம். சாக்லேட் கட்டி! சாக்லேட்டு தின்னா வயித்துல கட்டி வருமா? நான் கேட்டேன், அப்ப சாக்லேட்டைத் தின்னாம இருக்க வேண்டியதுதானேடின்னு. அது திங்கிறது இல்லையாம், உள்ள பழைய ரத்தம் சேந்து அந்தக் கலர்ல இருக்குமாம், அதுக்கு அப்படிப் பேராம். மாசாமாசம் வயித்துக்குள்ளேயே ரத்தம் கசியுமாம், அதான் அந்த வலியாம். இந்த மாத்திரையை ஆறு மாசமா விடாமப் போடுறதால மாசாமாசம் வாரதே நின்னு, அது கசியாம, வளராம கிடக்குதாம். "இது புள்ள வேண்டாம்னு போடல அத்தை. புள்ளைக்கு இடத்தைக் காப்பாத்தி வைக்கிறதுக்குப் போடுறேன். ஒரு வருசம் போட்டுட்டு, நிப்பாட்டிட்டு, புள்ளைக்குப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க"ங்குறா.

நான் என்ன பால்குடிப் புள்ளையா? புள்ள வராம இருக்குற மாத்திரையைப் போட்டுப் புள்ள பெத்துக்குவாளாம். வாசக்கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள வான்னு கூப்பிடுற கதைதான்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, என் மகனுக்குத் தெரிஞ்சிருக்கு. சினிமாவுக்குப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் மதுரைக்குப் போனது டாக்டரைப் பாக்க. போன்ல கூப்பிட்டுக் கேட்டேன். ஏண்டா பெத்தவ கிட்ட மறைச்சேன்னு கேட்டேன். "சொன்னா நீ சும்மா இருப்பியாம்மா?"ங்கான். சும்மா எப்படிடா இருப்பேன்? சும்மா இருக்கவா உன்னையப் பெத்தேன்?

அவன் சனிக்கிழமைதான் வருவான். நான் காத்துக்கிட்டு இருக்கலை. அவளை அடுப்படியில நிறுத்தி வச்சு, அட்டையை ஒண்ணொண்ணா எடுத்து, மாத்திரையைப் பிதுக்கிப் பிதுக்கிச் சாக்கடையில போட்டேன். ஒண்ணு விடல. அப்புறம் சாமி படத்துக்கு முன்னாடி சூடத்தை ஏத்தி, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினா. சூடத்தைக் கையால அணைச்சுட்டு, "அத்தை, பொங்கலுக்கு நான் பாரி எடுக்க வேண்டாமே, வேற யாராச்சும் எடுக்கட்டுமே"ன்னு மட்டும் கேட்டா. கொழுப்பைப் பாரு. எம் மருமக இருக்கும்போது வேற எவ எடுப்பா? ஊரு என்ன பேசும்? ஏற்கெனவே பேசுறது பத்தாதா?

அதுக்கு அடுத்த ரெண்டாம் நாளு பாரி.

நீ தண்ணி வச்சிருக்கியா? குடு. தொண்டை வறண்டுருச்சு.

கேளு இதை. மஞ்சச் சேலை கட்டிவிட்டேன், தலை நிறையப் பூ வச்சேன். மொளைப்பாரியைத் தலையில தூக்கி வச்சதும் சாமி மாதிரிதான் இருந்தா, பொய் சொல்லக் கூடாது. மேளம் முன்னாடி போகுது. இவ முகம் வெளுத்துக்கிட்டே வருது. ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கா. "கையை எடு, ரெண்டு கையாலயும் பாரியைப் பிடி"ன்னு பின்னாடி இருந்து சொல்லிக்கிட்டே வாரேன். கோயிலுக்கு முன்னால இருக்குற வளைவு தாண்டல, பின்னாடி வந்தவ ஒருத்தி கத்துறா. பாத்தா சேலை பூராவும்... மஞ்சச் சேலைல தாயி. நான் பாத்து முடிக்கல, பானையோட சேந்து கீழ விழுந்துட்டா. பானை சுக்கு நூறு. பயிரு பூராவும் தெருவுல.

மேளம் நின்னுருச்சு. ஊரே என்னையத்தான் பாத்துச்சு. வராதுன்னு சொன்னாளே! எம் முகத்துக்கு நேரா, வராது அத்தைன்னு சொன்னாளே! ஆறு மாசமா வராதது, சரியா அன்னைக்குப் பாத்து வந்துச்சு பாரு. மாத்திரை குடுத்தேன்ல, வாங்கி முழுங்கியிருந்தா வந்திருக்குமா? அடுத்த வருசம் எங்க வீட்டுக்குப் பாரி கிடையாதுன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாக. என் மாமியா எடுத்தது, நான் எடுத்தது, என் மக எடுத்தது, எல்லாம் இவளோட போச்சு.

காரைப் பிடிச்சு மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியெல்லாம் என் மடியிலதான் தலையை வச்சிருந்தா. துணிமேல துணியா வச்சும் நிக்கல. அவ கை சில்லுன்னு ஆயிருச்சு. அப்ப மட்டும் ஒரு நிமிசம், அம்மா தாயே, பாரி போனாப் போகுது, இந்தப் புள்ளையை உசுரோட குடுத்துருன்னு கேட்டேன். கேக்காம இருப்பேனா? நானும் ரெண்டு பெத்தவதான்.

ரத்தம் ஏத்தினாக. பொழைச்சுக்கிட்டா. அப்புறந்தான் அவளை ஏற்கெனவே பாத்துக்கிட்டிருந்த டாக்டரம்மா வந்தா. சின்னப் புள்ள, என் மகளை விடச் சின்னவ. கண்ணாடி போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு என்னைய நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்கா.

"மாத்திரையைத் திடீர்னு நிப்பாட்டினா ரெண்டு மூணு நாள்ல ரத்தம் வரத்தான் செய்யும்மா. யாரு நிப்பாட்டச் சொன்னது?"

அப்ப என்னாலதான் அம்மன் தெருவுல தீட்டுப் பட்டுச்சுன்னு சொல்லுறாளா? எவ்வளவு தைரியம் பாரு. நான் விடுவேனா? "புள்ள பெறக்கூடாதுன்னு மாத்திரை குடுத்தது நீங்கதானா? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் எல்லாம் கிடையாது. எங்க குடும்பத்துல எந்தப் பொம்பளையும் அந்த மாதிரி மாத்திரையைத் தொட்டதில்ல"ன்னு நல்லா உறைக்கிற மாதிரி கேட்டேன்.

அவ கேக்கா, "கோயில் விசேசத்துக்குத் தள்ளிப்போடுற மாத்திரை போட்டதில்லையா?"

"அது சாமி காரியம்."

"அதுவும் இதுவும் ஒரே இனந்தாம்மா. ரெண்டும் ஹார்மோன் மாத்திரைதான். நீங்க வருசாவருசம் ஒரு டாக்டரையும் கேக்காம வீட்டுல எல்லாருக்கும் குடுக்குறீங்க. நாங்க ஸ்கேன் எடுத்து, ரத்தம் பாத்து, இந்தப் பொண்ணுக்கு ஒத்துக்குமான்னு பாத்துக் குடுத்திருக்கோம். எல்லாருக்கும் இது ஆகாது. இவளுக்கு ஆகும். வலி நின்னுச்சா இல்லையா? உடம்புல ரத்தம் ஊறுச்சா இல்லையா?"

களியாலன்னு சொன்னேன். அவ சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூட ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். களியும் நல்லதுதாம்மான்னுட்டா.

சேதி கேட்டு ஓடியாந்த என் மகன் அந்த மூலையில நிக்கான். ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவளைக் கூட்டிக்கிட்டு வாடகை வீட்டுக்குப் போயிட்டான், மதுரையிலயே. சிவகாசிக்கு பஸ்ல போயிட்டு வாரானாம். சாயங்காலமானா அவ போன் பண்ணுறா, தெரியுமா? அவன் இல்ல, அவ. மறுபடி அதே மாத்திரையைத்தான் போடுறாளாம், ஜெயசுதா கிட்டச் சொல்லியிருக்கா. சூடத்துல பண்ணின சத்தியம் என்ன ஆச்சுன்னு கேக்கணும். நான் போனை எடுக்கிறது இல்ல. அடிச்சு அடிச்சு நிக்கும். நானும் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.

என்ன, திருமங்கலம் தாண்டியாச்சா? அப்ப சொல்லி முடிச்சிருறேன்.

அந்த டாக்டரம்மா அதோட விட்டிருந்தா நான் என் பாட்டுக்கு மருமகளைத் திட்டிக்கிட்டு வீட்டுல கிடந்திருப்பேன். போறவ திரும்பி நின்னு கேட்டா. "உங்களுக்கு எப்பம்மா நின்னுச்சு?"ன்னு.

"நிக்கல. எடுத்துட்டாக"ன்னேன்.

"கர்ப்பப்பையையா? எத்தனை வயசுல?"

"முப்பத்திரெண்டு."

"எதுக்கு? கட்டியா, புத்துநோயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரத்தம் போச்சு."

ஆமா தாயி, ரத்தம் போச்சு. அம்புட்டுத்தான். தீப்பெட்டி ஆபீஸ்ல ஒருநாள் கட்டைச் சட்டத்து மேலயே விழுந்துட்டேன். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. அந்த டாக்டர் என் முகத்தைப் பாக்கல, என் வீட்டுக்காரரைப் பாத்துத்தான் பேசினாரு. "ரெண்டு புள்ள இருக்குல்ல, எடுத்துருவோம், தொந்தரவு விட்டுரும்"னாரு. இவுக கையெழுத்துப் போட்டாக. என்னைய ஒருத்தரும் கேக்கல. எனக்கு இன்னொரு புள்ள வேணும்னு ஆசை. பேரு கூட வச்சிருந்தேன், அதை உன்கிட்டச் சொல்ல மாட்டேன். எந்திரிச்சு உக்காந்தப்ப வயித்துல தையல்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் என் மாமியா என்னைய ஒரு வளைகாப்புல முன்னாடி நிக்க விட்டதில்ல. முப்பத்திரெண்டு வயசுல கிழவியாயிட்டேன். முதுகெலும்பு வலி, உடம்பு எரிச்சல், ராத்திரி வேர்வை. அதான் விதின்னு நினைச்சேன். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்னு நினைச்சேன்.

இதையெல்லாம் அவகிட்டச் சொல்லல. ரத்தம் போச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். அவ திரும்பி என் பக்கத்துல வந்தா. அப்புறம் சொன்னா, "இதே மாத்திரையைக் குடுத்துப் பாத்திருக்கலாமேம்மா. நிறையப் பேருக்கு அதுலயே நின்னுரும். அறுக்காமலே போயிருக்கலாம்." சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா.

போயிட்டா தாயி! அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு, என்னைய அங்கேயே நிறுத்திட்டுப் போயிட்டா.

நான் மகன் வீட்டுக்குப் போகல. மருமகளைப் பாக்கவும் போகல. அவளைப் பாத்தா எனக்கு இப்ப என்ன வரும்னே தெரியல, அவளுக்கு ஒரு டாக்டர், கூட்டிட்டுப் போக ஒரு புருசன், பீரோவுல ஒரு டப்பா. நான் அந்த டாக்டரம்மாவைத்தான் பாக்கப் போறேன். டோக்கன் போட்டு உக்காந்து, என் முறை வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன். நான் தீப்பெட்டி ஆபீஸ்ல விழுந்த வருசம், இந்த மாத்திரை மெடிக்கல்ல இருந்துச்சா, இல்லையா? இல்லைன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருவேன். சத்தம் போட மாட்டேன். வீட்டுக்குப் போயி போனை எடுத்துப் பேசினாலும் பேசுவேன்.

இருந்துச்சுன்னு சொல்லிட்டா? கையெழுத்துப் போட்டவுக போயி நாலு வருசமாச்சு. அறுத்த டாக்டரும் செத்துட்டாரு. என் மாமியாளும் இல்ல. நீ படிச்ச புள்ளதானே, நீயே சொல்லு. இருந்துச்சுன்னா, எனக்கு ஏன் தரல?